காளைக்கு வைத்த மீசை

ஜூன் 12

பள்ளிக்கூடம் திறந்த வாரமே நித்தியின் சாப்பாட்டு டப்பா பாதிக்கு மேல் திரும்பி வருகிறது. எலுமிச்சை சாதம் புளிக்கிறதாம், இட்லி ஒட்டுகிறதாம், சப்பாத்தி காய்ந்துபோகிறதாம். எட்டு வயதுப் பெண், பலமாகக் காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருக்கிறாள். இதில் சோடாபுட்டிக் கண்ணாடி வேறு. மஸ்கட்டிலிருந்து அவள் அப்பா வீடியோவில் பார்த்துவிட்டு, "ஏன் பைரவி, புள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா?" என்கிறார். அங்கே உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம்.

வழக்கம்போல் டப்பா மூடியில் ஒரு முழியனை வரைந்து ஒட்டினேன். முழியன் ஒரு தேவாங்கு. குச்சிக் கை, குச்சிக் கால், முகம் முழுக்கக் கண். நித்தி யு.கே.ஜி. படித்தபோது அவளுக்காகவே உண்டாக்கினேன். இன்றைக்கு முழியன் தயிர்சாதத்தில் நீச்சலடிக்கிறான். அவன் வந்தால் நாலு வாய் கூடுதலாக இறங்கும்.

வரைந்து மிஞ்சிய தாள் ஆபீஸ் மேஜையில் கிடந்தது. கௌஷிக் பார்த்துவிட்டான். எங்கள் விளம்பரக் கம்பெனியின் கிரியேட்டிவ் ஹெட். பம்பாய் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழன், சென்னைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "பைரவி, யாரு இவன்? ரொம்ப ஸ்வீட்டா இருக்கானே. டிங்கோவுக்கு வெச்சுக்கலாமா?" என்றான். டிங்கோ என்பது காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சோள ஃப்ளேக்ஸ். புனே கம்பெனி. தமிழ்நாட்டில் இப்போதுதான் இறங்குகிறார்கள், அட்டைப்பெட்டிக்கு ஒரு கார்ட்டூன் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை வருஷத்தில் நான் வரைந்த எதையும் அந்த ஆபீசில் யாரும் ஸ்வீட் என்று சொன்னதில்லை. முழியனின் படங்கள் இருந்த ஃபைலை அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 20

புனேக்காரர்களுக்குப் பிடித்துவிட்டதாம். வரும் வழியில் கேசரி வாங்கி வந்தேன். "முழியன் டிவில வரப் போறான்" என்று நித்தியிடம் சொன்னேன்.

"எல்லாரும் பாப்பாங்களா?"

"எல்லாரும்தான்."

கேசரியைப் பாதியில் வைத்துவிட்டாள். தூக்கம் வந்திருக்கும்.

ஜூலை 3

விளம்பரத்தின் வரைபடங்களை இன்றைக்குத்தான் என் கண்ணில் காட்டினார்கள். முதல் கட்டத்தில் முழியன் ஊஞ்சலிலிருந்து விழுகிறான். அடுத்ததில் பையைத் தூக்க முடியாமல் முதுகு வளைகிறது. மூன்றாவதில் சுற்றி நின்று பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். அப்புறம் ஒரு காளை வருகிறது. தோளும் மார்புமாக ஜிம்முக்குப் போன காளை. அதன் கையில் டிங்கோ டப்பா. கீழே கொட்டை எழுத்தில், "தேவாங்கா? காளையா? நீயே சொல்லு!"

நேராக அவன் அறைக்குப் போனேன். "கௌஷிக், தேவாங்குன்னு இங்க ஒல்லியா இருக்கற பிள்ளைங்களத் திட்டுவாங்க. தெரியுமா?"

"தெரியுமே. அதனாலதான் எடுத்துண்டேன்" என்றான். "சாப்பிடாதவன் அப்படி இருப்பான், சாப்பிட்டவன் இப்படி இருப்பான். அவ்வளவுதானே. நீங்க ஏன் இமோஷனல் ஆறேள்?"

"முழியன் அப்படி இல்ல. அவன்தான் ஹீரோ."

"டிராயிங் கம்பெனியோடதாச்சே, பைரவி" என்றான் சிரித்துக்கொண்டே. பல் நன்றாக இருக்கிறது அவனுக்கு. எல்லாப் பல்லும் வரிசையாக.

ஜூலை 15

டிவியில் முதலில் முழியனை மட்டும் காட்டுகிறார்கள். விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான். "யார் இந்தத் தேவாங்கு?" என்று ஒரு குரல். காளை அப்புறம் வருமாம். ஆர்வத்தைக் கிளப்புகிறார்களாம்.

சாயங்காலம் நித்தி ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் ரோஷன் என்று ஒரு பையன். இவள் கரும்பலகைக்குப் போகும்போது அந்த விளம்பரக் குரலிலேயே "யார் இந்தத் தேவாங்கு?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. மிஸ்ஸும் கொஞ்சம் சிரித்தார்களாம். இப்போது வேனிலும் அதுதான் அவள் பெயர்.

நான் ரோஷனின் அம்மா நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். நித்தி கேட்டாள், "முழியன நீயாம்மா அவங்களுக்குக் குடுத்த?"

"அந்த அங்கிள் எடுத்துக்கிட்டார்" என்றேன்.

"ஓ" என்றாள். இனிமேல் மூடியில் எதுவும் ஒட்ட வேண்டாம் என்றாள்.

ஜூலை 16

கௌஷிக்கைச் சும்மா விடப் போவதில்லை.

ஜூலை 18

வேலையை விட்டுவிட்டு வா என்கிறார் நித்தி அப்பா. விட்டுவிட்டு வந்தால் கௌஷிக்கை யார் பார்த்துக்கொள்வது? நான் அங்கேயேதான் இருப்பேன். தினமும் குட்மார்னிங் சொல்வேன்.

அவன் தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்துக் குடிக்கும் பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். பேனாவைக் காதில் செருகுவான். "கரெக்ட்டா?" என்று எல்லா வாக்கியத்தையும் முடிப்பான். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பிடிக்காத ஒருவனை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 19

காளையை வரையும் வேலை எனக்கு வந்திருக்கிறது. வேறு யாருக்கு வரும், ஆபீசில் கையால் வரைகிறவள் நான் ஒருத்திதான். "தமிழ்நாடுன்னா ஜல்லிக்கட்டு, வீரம். பாத்த உடனே ஒரு பவர் தெரியணும், கரெக்ட்டா?" என்றான். தெரியும்படி செய்கிறேன் என்றேன்.

திரும்பி வரும்போது சைதாப்பேட்டை சிக்னலில் பஸ் நின்றது. இடது கைப்பக்கம் பாதி கட்டிய அபார்ட்மென்ட். சாரத்தில் ஒரு திருஷ்டி பொம்மை கட்டியிருந்தார்கள். சிவப்பு முகம், இரண்டு கொம்பு, பிதுங்கின முழி, முறுக்கு மீசை, கோரைப்பல், தொங்கின நாக்கு. ஊர்க்கண்ணெல்லாம் கட்டிடத்தின் மேல் படாமல் தன் மேல் வாங்கிக்கொள்கிற மூஞ்சி.

காளைக்குக் கொம்பு ஏற்கெனவே இருக்கிறது என்று நினைத்தேன். சிக்னல் விழுந்தது. என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூலை 23

மாட்டுங்காவில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிடுவார்கள். இந்த மூஞ்சியைத் தொங்கவிட மாட்டார்கள். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் அவனைக் கேட்டே தெரிந்துகொண்டேன். அவன் இருப்பது கடற்கரையோர அபார்ட்மென்ட்டின் பதினாலாவது மாடி. காரில் போவான், காரில் வருவான், போகும்போதும் வரும்போதும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஊரில் தெருவுக்குத் தெரு தொங்குகிறது, அவன் பார்த்ததில்லை.

ஜூலை 25

ஒரேயடியாக வைக்கவில்லை. ஒன்றொன்றாகக் கொண்டுபோனேன்.

காலையில் முழி. "குழந்தைங்களுக்குப் பெரிய கண்ணுன்னா பிடிக்கும்" என்றேன். "லவ்லி" என்றான். பதினொரு மணிக்கு மீசை. "தமிழ் வீரம்" என்றேன். மேஜையைத் தட்டினான். சாப்பாட்டுக்கு அப்புறம் நாக்கு. "ருசி" என்றேன். மூன்று மணிக்கு இரண்டு பல்லைக் கொஞ்சம் நீட்டினேன், "மொறுமொறுன்னு கடிக்க வேணாமா?" என்று. "பைரவி, இன்னிக்கு நீங்க ஃபயர்" என்றான். முகத்துக்கு என்ன நிறம் என்று அவனே கேட்டான். சிவப்பு என்றேன். எனர்ஜிக்கு.

கம்ப்யூட்டரில் வண்ணம் போடும் டேவிட் கடைசிப் படத்தைத் திரையில் திறந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கௌஷிக்கின் கண்ணாடி அறையைப் பார்த்தான். "அக்கா, இது..."

"எது?"

"ஒண்ணுமில்லக்கா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நாக்கு இன்னும் ஒரு இன்ச் இறங்கினா நல்லாருக்கும்" என்றான். போன மாசம் அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கௌஷிக் லீவு கொடுக்கவில்லை.

ஜூலை 29

புனேயிலிருந்து குல்கர்னி வந்திருந்தார். டிங்கோவின் விற்பனைக்கெல்லாம் அவர்தான் பெரிய தலை. வெற்றிலை மாதிரி உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு பேசும் மெதுவான மனுஷர். கௌஷிக் காளையைத் திரையில் போட்டான். மதுரைப் பக்கம் மூன்று மாசம் கிராமம் கிராமமாகச் சுற்றினானாம். வாடிவாசலில் நின்று குறிப்பெடுத்தானாம். இந்த முகம் அவன் கண்ணில் அங்கேதான் விழுந்ததாம், உடனே பென்சிலை எடுத்தானாம். மதுரைக்கு அவன் ஒரு தடவை போனான், விமான நிலையத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்கு.

குல்கர்னி என்னைப் பார்த்து, "நீங்களும் இதில் வேலை செய்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை சார், முழுக்க கௌஷிக்தான். நான் கோடு சுத்தம் பண்ணினதோடு சரி" என்றேன். கௌஷிக் முகத்தில் ஒரு நிம்மதி. வரைந்தவர் பெயர் போடும் இடத்திலும் அவன் பெயரையே எழுதச் சொன்னேன். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் உப்புமா. நித்தி இரண்டு ஸ்பூன்.

ஆகஸ்ட் 16

காளை போட்ட டிங்கோ டப்பா கடைக்கு வந்துவிட்டது. எந்த அம்மா இதை எடுத்துப் பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே வைப்பாள்? பார்த்த மாத்திரத்தில் கையை இழுத்துக்கொள்வாள். ஒரு மாசம் பொறு, மனமே. பெட்டி பெட்டியாகத் திரும்பி வரும். குல்கர்னியின் உள்ளங்கை மூடிக்கொள்ளும்.

ஆகஸ்ட் 24

சைதாப்பேட்டை சூப்பர்மார்க்கெட்டில் துவரம்பருப்பு எடுக்கப் போனவள், டிங்கோ அடுக்கிய வரிசைக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். டப்பாவைப் பார்த்ததும் நின்றாள். கூட வந்தவளைக் கூப்பிட்டாள்.

"ஏய் செல்வி, இங்க பாரேன். திருஷ்டி பொம்மை மூஞ்சி."

சொல்லு, தூ என்று சொல்லு என்று காத்திருந்தேன்.

"ஆமாண்டி" என்றாள் செல்வி.

"நல்லதாப் போச்சு. இவன் வாயில சோறு போறதப் பாத்தாலே எங்க எதிர்வீட்டுக்காரிக்குக் கண்ணு. டப்பாவ முன்னால வெச்சுட்டு ஊட்டலாம்." குழந்தைக்காரி இரண்டு எடுத்துக் கூடையில் போட்டாள். செல்வி ஒன்று எடுத்தாள்.

பருப்பு வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31

ஆட்டோவின் பின்னால் டிங்கோ காளை. இஸ்திரி வண்டியில் டிங்கோ காளை. எங்கள் கீழ்வீட்டில் தொட்டில் கயிற்றில் அட்டையை வெட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சின்னக் கடைகளில் டப்பா கிடைப்பதில்லை. விற்பவர்களுக்கு ஏன் விற்கிறது என்று தெரியும், வாங்குகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் ஆபீசில் டீ கொண்டுவரும் ஏழுமலை முதல் எல்லோருக்கும் தெரியும். கௌஷிக்கிடம் யாரும் சொல்லவில்லை. அவனிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஆபீசில் கேக் வெட்டினார்கள். "வீரம்ங்கறது தமிழ் ரத்தத்துல இருக்கு, கரெக்ட்டா?" என்று பேசினான். க்ரீமை என் தட்டில் அவனே வைத்தான். ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வெறும் கேக்கைத் தின்றேன். பிறகு க்ரீமையும் தின்றேன்.

அவனை உச்சியில் கொண்டுபோய் உட்கார வைத்தது என் கைதான். வலது கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 6

நித்தியும் அந்தச் சனியனைப் பள்ளிப் பையில் கறுப்புக் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். கீழ்வீட்டு அக்கா வெட்டிக் கொடுத்தாளாம். அவிழ்த்துப் போடு என்றேன். மாட்டேன் என்றாள். "இது நீ வரைஞ்சதுதானேம்மா? அந்த மீசை உன் கோடு, எனக்குத் தெரியும்."

"ஆமா, அதுக்கென்ன?"

"எனக்காகத்தானே வரைஞ்ச?"

சாம்பார் பொங்குகிற சத்தம் கேட்டது. சமையலறைக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 13

நித்தியின் சாப்பாட்டு டப்பா காலியாக வருகிறது. இந்த வாரம் முழுக்க. வெண்டைக்காயை எண்ணெயில் நன்றாக முறுகவிட்டதுதான் காரணம். இனி இப்படியே செய்ய வேண்டும்.

வேனிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினாள். ரோஷன் பக்கத்தில் வந்தால் பையைத் திருப்பிக் காளையைக் காட்டுவாளாம். "கிட்ட வராத, உன் கண்ணு எல்லாத்தையும் இது வாங்கிக்கும்" என்பாளாம். அவன் ஓடிவிடுகிறானாம். இப்போது யாரும் தேவாங்கு என்று சொல்வதில்லையாம். பிள்ளைகள் ஒரே கேலியை எத்தனை நாள் பிடித்துக்கொண்டிருக்கும்? வேறு எதற்காவது தாவியிருப்பார்கள்.

நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. கௌஷிக்குக்குப் பம்பாயில் ஏதோ விருதாம்.

செப்டம்பர் 27

ஆயுத பூஜைக்குக் குல்கர்னி வருகிறார். வெற்றியைக் கொண்டாட இதைவிட நல்ல நாள் உண்டா என்று கௌஷிக்தான் அழைத்தானாம். ஏழுமலை என்னிடம் வந்து, "மேடம், இந்த வருஷமும் பூசணிக்காய்க்கு மூஞ்சி நீங்கதானே போடுவீங்க?" என்றான். வருஷா வருஷம் நான்தான் போடுகிறேன். பூஜை முடிந்ததும் வாசலில் சுற்றி நடுரோட்டில் உடைப்போம்.

"நான்தான் போடுவேன் ஏழுமலை" என்றேன். "இந்த வருஷம் உடைக்கிறது மட்டும் கௌஷிக் சார் கையால இருக்கட்டும்."

ஏழுமலை காதைச் சொறிந்தான். "அவருக்குச் சுத்தத் தெரியுமா மேடம்?"

"நீ சொல்லிக் குடு."

என் கையின் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

அக்டோபர் 11

முழுக்க எழுதிவைக்க வேண்டும். ஒரு துளி விடக் கூடாது.

நித்தியையும் கூட்டிப்போனேன். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். பச்சைப் பட்டுப்பாவாடை. பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், புத்தகமும் பூஜையில் வைக்க வேண்டுமாம். கம்ப்யூட்டர், பிரின்டர், என் தூரிகைகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பையில் தொங்கின காளையின் நெற்றிக்கும் அவளே பொட்டு வைத்தாள். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். கௌஷிக் வேட்டி கட்டி பெல்ட் போட்டிருந்தான்.

பூசணிக்காயை நான் காலையிலேயே முடித்து மஞ்சள் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். சிவப்பு, கறுப்பு, வெள்ளை மூன்றே நிறம். கொம்பு, முழி, மீசை, பல், நாக்கு. டப்பாவை எதிரே வைத்துக்கொண்டுகூட வரையவில்லை, கை தானாகப் போட்டது. மேலே கற்பூரத்தை ஏற்றி, துணியை எடுத்து, முகம் வெளியே தெரியும்படி கௌஷிக்கின் கையில் கொடுத்தேன்.

வாசலில் குல்கர்னி போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சிரிப்பு. "அட, நம்ம காளை" என்றார் ஆங்கிலத்தில். தன் கம்பெனிக்கு ஏதோ மரியாதை செய்கிறோம் என்று நினைத்திருப்பார். கௌஷிக்கும் சிரித்தான். ஏழுமலை சொல்லச் சொல்ல மூன்று தடவை சுற்றினான். "ஓங்கிப் போடுங்க சார், ஒரே போடா" என்றான் ஏழுமலை. கௌஷிக் ஓங்கிப் போட்டான்.

நல்ல காய். நாலாகப் பிளந்தது. குங்குமத் தண்ணீர் தார்ரோட்டில் ஓடியது. கொம்பு ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம்.

குல்கர்னி போனை இறக்கினார். "எதற்காக உடைத்தார்கள்?" என்று பக்கத்தில் நின்ற டேவிட்டைக் கேட்டார்.

டேவிட்டுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் தெரிந்ததைத் தன் ஆங்கிலத்தில் சொன்னான். "கண் திருஷ்டி போறதுக்கு சார். இந்த மூஞ்சி கெட்டதையெல்லாம் வாங்கிக்கும். அரக்கன் மாதிரி. கட்டடத்துலல்லாம் தொங்குமே, பாத்ததில்லையா?" எதிர்வரிசையில் எழும்பிக்கொண்டிருந்த மாடியைக் காட்டினான். அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நான் ஏற்பாடு செய்யவில்லை. ஊர் தானாகச் செய்தது.

குல்கர்னி மாடியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். அப்புறம் கௌஷிக்கைப் பார்த்தார். "வீரத்தின் சின்னம் என்று சொன்னீர்கள். மூன்று மாசம் கிராமத்தில் சுற்றி வரைந்தேன் என்றீர்கள். குழந்தைகள் சாப்பிடும் பொருளின் மேல் அரக்கனை வைத்தீர்களா? அதைக் கம்பெனிக்காரன் முன்னாலேயே ரோட்டில் போட்டு உடைக்கிறீர்களா?" குரலை உயர்த்தவே இல்லை. உள்ளங்கை மட்டும் மூடியிருந்தது.

கௌஷிக் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்துக்காகத்தான் ஜூலையிலிருந்து சோறு தின்றேன். அவள் வரைந்தது என்று சொல்ல வாயெடுத்தான். சொல்ல முடியவில்லை. கையெழுத்து அவனுடையது, மதுரைக் கதை அவனுடையது. "எல்லாரும் சிரிக்கிறாளே" என்று மட்டும் ஏதோ முனகினான். உண்மையில் சிரித்தது நாலைந்து பேர்தான். நான் சிரிக்கவில்லை. சுண்டலை மென்றுகொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. நித்தியின் கை என் கையில் இல்லை. ரோட்டோரத்தில் போய் நின்று, உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை முன்பக்கமாகப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, காளைய ஏன் உடைச்சாங்க?"

"அது கெட்டதுடி. ஊர்க் கெட்டதையெல்லாம் வாங்கி வெச்சுக்கும். அதான் ரோட்டுல போட்டு உடைச்சிடறது. தொடாத. உடைச்சதத் தொடக் கூடாது, திரும்பிப் பாக்காம வந்துடணும்." அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். கௌஷிக் அறைக் கதவை மூடுவதை நான் பார்க்க வேண்டியிருந்தது.

நல்ல நாள். இவ்வளவு நல்ல நாள் எனக்கு ரொம்ப வருஷமாக அமைந்ததில்லை.

அக்டோபர் 14

கௌஷிக் பெட்டியில் சாமான்களை அடுக்கினான். விருதைக் கொடுத்தவர்கள் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். போகும்போது என் மேஜைக்கு முன்னால் நின்றான். "உங்களுக்கு நான் என்ன பண்ணேன் பைரவி?" உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"குட்மார்னிங் கௌஷிக்" என்றேன்.

நித்தி டப்பாவை அப்படியே கொண்டுவந்திருக்கிறாள். வெண்டைக்காய் முறுகித்தான் இருந்தது.

அக்டோபர் 17

காளை போட்ட டப்பாக்களை எல்லாக் கடைகளிலிருந்தும் திரும்ப எடுக்கிறார்கள். புது டப்பாவில் முழியன் மட்டும். விழாத முழியன், ஹீரோ முழியன். ஏற்கெனவே வரைந்து தயாராக இருக்கிறது, செலவில்லை என்று குல்கர்னி சொல்லிவிட்டாராம். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். ஜூலையில் நான் கேட்டது இதுதான். கேட்டபடியே கிடைத்துவிட்டது.

அக்டோபர் 21

புது டப்பாவின் மாதிரி வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். முழியன் பெரிதாக, கண் இரண்டும் பளபளவென்று.

நித்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "நல்லாருக்கும்மா" என்றாள். "என்னை மாதிரியே இருக்கு. எல்லாக் கடைலயும் வெப்பாங்களா?"

"ம்."

"ரோஷன் வீட்டுக்கும் வாங்குவாங்க."

அப்போதுதான் கவனித்தேன், பையில் கறுப்புக் கயிறு மட்டும் இருந்தது. "காளை எங்கடி?"

"போட்டுட்டேன். வேன் நிக்குமே அந்த முக்குல. திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

"ஏண்டி?"

"நீதானே கெட்டதுன்ன" என்றாள், கோபமே இல்லாமல்.

ஒரு தாளை எடுத்து அவசரமாகக் காளையை வரைந்து நீட்டினேன். கொம்பு, முழி, மீசை, அதே கோடு. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அத உடைச்சாச்சும்மா. உடைச்சதத் தொடக் கூடாது."

அக்டோபர் 22

காலையில் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைக்கும்போதே தெரிந்தது, திரும்பி வரும் என்று. வந்தது. இன்றைக்கு வேனில் இவள் ஏறினதும் மூன்று பேர் அந்தப் பழைய குரலில் கேட்டார்களாம். தெருவில் புது பேனர் கட்டிவிட்டார்கள்.

ஆபீஸ் விட்டதும் வீட்டுக்கு வராமல் முக்குக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் உடைந்த எலுமிச்சைகளுக்கு நடுவே அட்டைக் காளை கிடந்தது. யாரும் மிதிக்கவில்லை. நடந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள், வண்டிகளும் ஒதுங்கிப் போயின. ஒரு கொம்பு ஊறிப் பிரிந்திருந்தது. நெற்றியில் குங்குமம் கரைந்து முகமெல்லாம் வழிந்திருந்தது.

குனிந்தேன். பூ விற்கும் அம்மா குடைக்குள்ளிருந்து கத்தினாள். "எம்மா, தொடாதம்மா. யார் வீட்டுத் திருஷ்டியோ, கழிச்சுப் போட்டிருக்காங்க."

"எங்க வீட்டுதுதாம்மா" என்றேன்.

எடுத்துக்கொண்டு வந்தேன். கால் கழுவவில்லை. நித்தி ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள், நான் கையில் வைத்திருந்ததைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். ஃபேனுக்குக் கீழே காயப் போட்டிருக்கிறேன். பிரிந்த கொம்பைக் காய்ந்த பிறகுதான் ஒட்ட முடியும்.